காட்பாடியில் ஞாயிறு பேட்ச் பி.எல்.சி. கோர்ஸ்: 18,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?

பி.எல்.சி. என்பது தொழிற்சாலையில் மோட்டார், பம்ப் எல்லாம் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற சின்னக் கம்ப்யூட்டர். அதைச் சொல்லித் தருகிற இந்தக் கோர்ஸை இரண்டாகப் பிரித்துத்தான் பேச வேண்டும். பேனல் (பி.எல்.சி.யும் ஒயரும் சுவிட்சும் மாட்டிய கன்ட்ரோல் பெட்டி) முன்னால் நிற்க வைத்த பாதிக்கு அவர்கள் கேட்ட காசை யோசிக்காமல் கொடுக்கலாம். புரொஜெக்டர் முன்னால் உட்கார வைத்த பாதிக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை, அதெல்லாம் வீட்டிலிருந்தே ஓசியில் கிடைக்கிறது. ஸ்டார் போட்டே ஆக வேண்டும் என்றால் ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றும் பேனலுக்கும், பேனலைச் சொல்லிக் கொடுத்த சாருக்கும்தான், மையத்துக்கு இல்லை.

மையத்தின் பெயரைப் போடவில்லை. குறை நிறைய சொல்லப் போகிறேன், ஆனால் அதே குறைகள் நான் விசாரித்த மற்ற இடங்களிலும் இருந்தன, இவர்களை மட்டும் இழுத்து வைத்து அடிப்பது நியாயமாகப் படவில்லை. நீங்கள் எந்த மையத்தின் மாடிப்படி ஏறினாலும் எதைப் பார்த்துக் காசு கட்டலாம் என்று தெரிந்தால் போதும்.

நான் இ.இ.இ. முடித்துவிட்டு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பக்கம் இருக்கிறேன். கல்லூரியில் பி.எல்.சி. ஒரு பாடத்தின் கடைசி யூனிட்டாக வந்தது, லாடர் படத்தை (ஏணி மாதிரி வரைகிற பி.எல்.சி. புரோகிராமை) மனப்பாடமாக வரைந்தால் மார்க். வேலைக்கு வந்த பிறகு பம்ப் ஒன்று ஓடவில்லை என்றால் எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் பேனலைத் திறப்பார், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற பெரிய சுவிட்சான கான்டாக்டரைக் கையால் அழுத்திப் பார்ப்பார், மோட்டார் நல்லாத்தான் இருக்கு என்று தெரிந்ததும் "பி.எல்.சி.லதான் சார் ஏதோ" என்று கதவைச் சாத்திவிடுவார். அப்புறம் சென்னையிலிருந்து சர்வீஸ் ஆள் வருகிற வரைக்கும் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். நாலு வருஷம் படித்த ஆளுக்கு அங்கே இருக்கிற ஒரே வேலை டார்ச் பிடிப்பது. அது போதாது என்று தோன்றுகிறவர்களுக்குத்தான் இந்த மாதிரி கோர்ஸ்.

நம் பக்கத்தில் இந்த வேலைக்குத் தேவை இல்லாமல் இல்லை. 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த பழைய மாவட்டம் முழுக்கச் சுற்றிப் பாருங்கள். தோல் தொழிற்சாலையில் டிரம் இத்தனை நிமிஷம் முன்பக்கம், கொஞ்சம் நிறுத்தம், அப்புறம் பின்பக்கம் என்று சுற்றுவது, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு பம்ப் மாற்றி ஒரு பம்ப் ஓடுவது, ராணிப்பேட்டை பெல் ஆலை செய்து அனுப்புகிற இ.எஸ்.பி. புகை வடிகட்டியில் சுத்தியல்கள் முறை வைத்துத் தட்டித் தூசியை உதிர்ப்பது, எல்லாவற்றுக்கும் உள்ளே டைமரும், ஒன்று ஓடும்போது இன்னொன்றை ஓட விடாத இன்டர்லாக்கும்தான். இதைத் தொடத் தெரிந்த ஆள் உள்ளூரிலேயே இருந்தால் எந்த மேனேஜரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

சென்னைக்கே போய்ப் படிக்கலாமா என்று நானும் யோசித்தேன். அம்பத்தூர், கிண்டி பக்கம் பெரிய மையங்கள் இருக்கின்றன, காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம் சொச்சம், ஆனால் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு அந்தப் பக்கம் போய் வந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். கட்டணமும் அங்கே கூடுதல். அதனால் இங்கேயே சேர்ந்தேன்.

விளம்பரத்தில் ஐந்து கம்பெனி பி.எல்.சி., ஸ்காடா (பிளாண்டைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்து இயக்குவது), எச்.எம்.ஐ. (மெஷினில் ஆபரேட்டர் பார்க்கிற திரை), வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றுகிற கருவி), டி.சி.எஸ். (பெரிய பிளாண்ட் முழுவதற்குமான கன்ட்ரோல் அமைப்பு), பேனல் டிசைன், போதாததற்கு நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று போட்டிருந்தார்கள். ஐந்து கம்பெனி பி.எல்.சி.யை யாரும் ஞாயிறு ஞாயிறாக வந்து கற்றுக்கொள்ள முடியாது, கற்றுக்கொள்ளவும் தேவையில்லை. ஒன்றை ஒழுங்காகத் தெரிந்துகொண்டால் மற்றதில் மெனு எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் பாக்கி. ஆக நடந்தது என்னவென்றால் சீமென்ஸ் எஸ்7-1200 உருப்படியாக, டெல்டா ஓரளவுக்கு, மற்ற மூன்றும் ஸ்கிரீன்ஷாட்டாக.

தொடக்க வகுப்புகள் முழுக்க ஸ்லைடு. 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ரிலே (காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் தானாக ஆன் ஆகிற சுவிட்ச்) பேனலுக்கு மாற்று கேட்டது, அதிலிருந்து மோடிகான் 084 என்கிற முதல் பி.எல்.சி. வந்தது என்கிற கதை கேட்கச் சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் எண் முறைகள், லாஜிக் கேட், பிளாக் டயகிராம் என்று கல்லூரியில் பார்த்ததையே, வேலூர் வெயிலில், கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடுகிற ஹாலில், காசு கொடுத்து மறுபடி பார்ப்பது கொடுமை. எடுத்தவர் சமீபத்தில் அதே மையத்தில் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்த பையன். பாவம், அவன் மேல் கோபமில்லை, ஆனால் பிளாண்ட் வாசலை மிதிக்காத ஆள் பிளாண்ட் வேலையைச் சொல்லித்தர முடியாது. "சார், ஸ்டாப் பட்டனுக்கு ஏன் என்.சி. கான்டாக்ட் போடுகிறோம்?" என்று குடியாத்தத்திலிருந்து வருகிற ஒரு பாப்பா கேட்டதற்கு "அது ஸ்டாண்டர்டு" என்றான். என்.சி. என்றால் அமுக்காத வரை கரண்ட் போகும், அமுக்கினால் நிற்கும், என்.ஓ. அதற்கு நேர் எதிர். ஒயர் அறுந்து போனால் மெஷின் தானாக நிற்க வேண்டும், ஸ்டாப் பட்டனை என்.ஓ.வாகப் போட்டு அந்த ஒயர் அறுந்துவிட்டால் அமுக்கியும் மெஷின் நிற்காது, அவ்வளவுதான் காரணம். இந்த ஒரு வரியை அந்த இடத்தில் சொல்லாமல் விட்டால், அப்புறம் எத்தனை ஸ்லைடு ஓட்டினாலும் வீண்.

அதற்குப் பிறகு பேனல் வகுப்பு எடுக்க வந்த சார் வேறு ஆள். வார நாட்களில் வெளியே பேனல் கட்டிக் கொடுக்கிற வேலை, ஞாயிறு மட்டும் இங்கே. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர், விரல் நுனியெல்லாம் ஒயர் ஸ்ட்ரிப்பர் கடித்த தடம். வந்ததும் லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் கொடுத்தார். "புரோகிராம் எழுத எவன் வேணா வருவான் தம்பி, ஒயரைப் பார்த்தா பயப்படாத ஆளுதான் எனக்கு வேணும்" என்றார். அன்று முழுக்க எஸ்.எம்.பி.எஸ். (24 வோல்ட் கொடுக்கிற சப்ளை), டெர்மினல், இன்டர்போஸிங் ரிலே (பி.எல்.சி.க்கும் கான்டாக்டருக்கும் நடுவே வருவது), கான்டாக்டர், ஓவர்லோடு (மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் நிறுத்துவது) என்று டி.ஐ.என். ரெயில் என்கிற உலோகப் பட்டையில் மாட்டி, ஒயர் நுனியில் லக் என்கிற உலோக முனை அடித்து, நம்பர் போட்டு, ஸ்டார்ட் ஸ்டாப் ஓட்டினோம். டிப்ளமா முடித்து வந்த பையன்கள் இதில் எங்களைவிட எவ்வளவோ மேல், பி.இ. என்று நெஞ்சை நிமிர்த்தி வந்தவர்களில் பாதிப் பேருக்கு லக் அடிக்கவே கை வரவில்லை.

ஒரு ஞாயிறு நாங்கள் கீழே டீ குடிக்கப் போயிருந்தபோது அவர் பேனலில் ஏதோ கை வைத்துவிட்டார். மேலே வந்து ஸ்டார்ட் அமுக்கினால் மோட்டார் ஓடவில்லை. பி.எல்.சி.யில் இன்புட் விளக்கு எரிகிறது, அவுட்புட் விளக்கும் எரிகிறது, ரிலே மட்டும் எழவில்லை. உடனே எல்லாரும் லேப்டாப்பைச் சுற்றிக் கூடி புரோகிராமை நோண்ட ஆரம்பித்தோம். சார் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து "அவுட்புட் விளக்கு எரியுதுன்னா புரோகிராம் தன் வேலையை முடிச்சிருச்சு. இனிமே அங்க என்ன தேடறீங்க? மீட்டரை எடுங்க" என்றார். அதே குடியாத்தம் பாப்பாதான் மீட்டரை எடுத்தாள். ரிலே காயிலின் இரண்டு முனைகளான ஏ1-க்கும் ஏ2-க்கும் நடுவே வைத்தால் பூஜ்யம். சப்ளை வரவில்லை போலிருக்கிறது என்று எல்லாரும் சொன்னோம். மீட்டரின் கறுப்பு புரோபை எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பூஜ்ய வோல்ட் முனையில் வைத்துவிட்டு சிவப்பை ஏ1-ல் வைத்தால் 24 வோல்ட் இருக்கிறது. அதோடு நிற்காமல் ஏ2-ல் வைத்தாள், அங்கேயும் 24. சார் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. பூஜ்யமாக இருக்க வேண்டிய ஏ2-ல் 24 வருகிறது என்றால் காயில் நல்லாயிருக்கிறது, சப்ளை காயில் வழியாக வந்து திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது, அதாவது ரிட்டர்ன் ஒயர் எங்கேயோ கட். தேடிப் பார்த்தால் லக்கைச் செம்பின் மேல் அடிக்காமல் ஒயரின் தோலின் மேல் அடித்து டெர்மினலில் செருகி வைத்திருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல் நல்ல கனெக்ஷன்.

இதை எந்த வீடியோவிலும் கற்றுக்கொள்ள முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. வீடியோவில் சொல்வார்கள், நாமும் தலையாட்டுவோம். ஆனால் விளக்கு எரிந்தும் மோட்டார் ஓடாத அந்த நிமிஷத்தில் கை எங்கே போகிறது என்பது பேனல் முன்னால் நின்றால்தான் தெரியும். 18,000-ல் பெரும்பகுதி இந்த மாதிரி மத்தியானங்களுக்குத்தான் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

அனலாக் (வெறும் ஆன், ஆஃப் இல்லாமல் அளவாக வருகிற சிக்னல்) வகுப்பும் அதே தரம். பிளாண்டில் லெவல் டிரான்ஸ்மிட்டர், பிரஷர் டிரான்ஸ்மிட்டர் எல்லாம் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர்தான் அனுப்பும். ஏன் பூஜ்யத்தில் தொடங்காமல் 4-ல் தொடங்குகிறது என்றால், டேங்க் காலியாக இருந்தால் 4 வரும், ஒயர் அறுந்தால் பூஜ்யம் வரும், இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ளலாம். இது பலருக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால் நாங்கள் வைத்திருந்த எஸ்7-1200 வகை 1214சி சி.பி.யு.வில் கூடவே வருகிற இரண்டு அனலாக் இன்புட்டும் 0 முதல் 10 வோல்ட் மட்டும்தான் வாங்கும், மில்லி ஆம்பியர் வாங்காது. கரன்ட் மாட்யூல் தனியாக வாங்க வேண்டும், மையத்தில் அது இல்லை. சார் பையிலிருந்து 500 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து இன்புட்டுக்குக் குறுக்கே மாட்டினார். 20 மில்லி ஆம்பியர் 10 வோல்ட் ஆகிவிட்டது, 4 மில்லி ஆம்பியர் 2 வோல்ட். பி.எல்.சி. 10 வோல்ட்டை 27648 என்ற எண்ணாகப் பார்க்கிறது, அப்படியென்றால் 2 வோல்ட்டுக்குச் சுமார் 5530. ஆக டேங்க் காலி என்பது புரோகிராமில் பூஜ்யம் இல்லை, 5530. ஸ்கேலிங்கை (அந்த எண்ணை டேங்க் அளவாக மாற்றுவதை) அங்கிருந்து தொடங்க வேண்டும், அதைவிட நன்றாகக் கீழே இறங்கினால் ஒயர் கட் என்று அலாரம் அடிக்க வேண்டும். வெண்பலகையில் இதைப் போட்டுக் காட்டிவிட்டு "கம்பெனில இப்படி ரெசிஸ்டர் மாட்டி வைக்காதீங்க, மாட்யூல் வாங்கச் சொல்லுங்க, இது புரியறதுக்கு மட்டும்" என்றும் சொன்னார். நேர்மையான ஆள்.

ப்ராக்ஸி சென்சாரில் (தொடாமலே பொருள் பக்கத்தில் வந்ததைக் காட்டுவது) பி.என்.பி., என்.பி.என். (முன்னது 24 வோல்ட்டை அனுப்பும், பின்னது பூஜ்யத்தோடு இணைக்கும்) குழப்பத்தையும் இரண்டையும் கையில் கொடுத்துத்தான் தீர்த்தார். எஸ்7-1200-ல் இன்புட் காமனை (இன்புட்டுகளின் பொது முனையை) பூஜ்யத்தில் கட்டினால் பி.என்.பி. வேலை செய்யும், 24-ல் கட்டினால் என்.பி.என். என்.பி.என். அதிகம் வருகிற பழைய ஜப்பான் மெஷின் இருக்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டோரில் கையில் கிடைத்த சென்சாரை எடுத்து மாட்டிவிட்டு "சென்சார் புதுசு, ஆனா வேலை செய்யல" என்று உட்கார்ந்திருப்பது ரொம்பச் சகஜம்.

சரி, குறைகள்.

ஸ்காடா என்ற பெயரில் நடந்தது கிராபிக்ஸ் வகுப்பு. டேங்க் படம் வரைவது, அதில் நீலத் தண்ணீர் ஏறி இறங்குவது. அலாரத்தை எப்படி வகைப்படுத்துவது, டிரெண்டை (ஒரு அளவு நேரத்தோடு மாறுகிற கோட்டை) பார்த்து என்ன கண்டுபிடிப்பது என்று ஒரு பேச்சும் இல்லை. டி.சி.எஸ். ஒரே ஒரு பி.டி.எஃப்.பில் முடிந்தது. கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற மொழியான மோட்பஸ் 1979-லிருந்து இருக்கிறது, இன்றைக்கும் எனர்ஜி மீட்டர், வி.எஃப்.டி. என்று பிளாண்டில் தொட்டதெல்லாம் மோட்பஸ்தான் பேசுகிறது, அதற்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பாடத்தில் லாடர் மட்டும்தான். பி.எல்.சி. மொழிகளுக்காக 1993-ல் வந்த ஐ.இ.சி. 61131-3 தரநிலையிலேயே, படம் இல்லாமல் வரி வரியாக எழுதுகிற ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் இருக்கிறது, கணக்குப் போடுகிற இடமெல்லாம் அதில் எழுதினால்தான் படிக்கும்படி இருக்கும், புதிதாக வருகிற புராஜெக்டுகளில் அது நிறையவே இருக்கிறது. பேக்கப் எடுப்பது, எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று எழுதி வைப்பது பற்றி மையம் வாயே திறக்கவில்லை. பேனல் சார் மட்டும் போகிற போக்கில் சொன்னார்.

என்னைச் சங்கடப்படுத்தியது பென்டிரைவ் விஷயம். சேர்ந்ததும் ஆளுக்கு ஒரு பென்டிரைவில் எல்லா மென்பொருளும் "ஃபுல் வெர்ஷன்" என்று கொடுக்கிறார்கள். அது எந்த வகை ஃபுல் வெர்ஷன் என்று உங்களுக்கே தெரியும். திருட்டு மென்பொருள் தப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இது அதைவிட நேரடியான ஆபத்து. 2010-ல் வெளியே தெரிய வந்த ஸ்டக்ஸ்நெட் என்கிற வைரஸ் யு.எஸ்.பி. டிரைவ் வழியாகத்தான் பரவியது, குறிவைத்ததே சீமென்ஸின் பி.எல்.சி. மென்பொருளான ஸ்டெப் 7 இருக்கிற கம்ப்யூட்டர்களை. அப்படியிருக்க யார் யாரோ உடைத்து வைத்த மென்பொருளை ஏற்றிய லேப்டாப்பை நாளைக்குக் கம்பெனி பி.எல்.சி.யில் செருகுவது என்ன புத்திசாலித்தனம்? எஸ்7-1200-க்குப் புரோகிராம் எழுதுகிற டி.ஐ.ஏ. போர்ட்டலை 21 நாள் டிரையலாக சீமென்ஸே கொடுக்கிறது, கூடவே சிமுலேட்டரும். அது முடிந்தால் கோடெசிஸ் என்கிற இன்னொரு பி.எல்.சி. மென்பொருள் இருக்கிறது, இலவசம், ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டும் அதிலேயே பழகிக்கொள்ளலாம். நான் அந்தப் பென்டிரைவைத் திறக்கவே இல்லை.

நூறு சதவீத வேலை என்பது ஒரு வாட்ஸப் குரூப். அதில் வாக்-இன் செய்திகளை ஃபார்வர்டு செய்வார்கள். அந்தச் செய்திகள் ஏற்கெனவே எல்லா குரூப்பிலும் சுற்றிவிட்டு வந்திருக்கும். ஹோலோகிராம் ஒட்டிய சான்றிதழ் கொடுத்தார்கள், அதை என் பேட்ச்மேட் ஒருவன் ஒரகடம் பக்கம் இன்டர்வியூவில் நீட்டியபோது ஓரமாக வைத்துவிட்டு ஒரு காகிதத்தைத் தள்ளி "ஃபார்வர்டு ரிவர்ஸ் சர்க்யூட் போடு, இன்டர்லாக் எங்கே வரும் சொல்லு" என்றார்களாம். போட்டான். வேலை கிடைத்தது. அது சான்றிதழால் கிடைத்தது என்று மையம் இப்போது போஸ்டர் அடித்திருக்கிறது.

அப்படியானால் ஸ்லைடு பாதியை எங்கே படிப்பது? என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்கள் இருக்கும்போது இதற்குக் காசு கொடுப்பது எனக்குப் புரியவே இல்லை. ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது, கரக்பூர் ஐ.ஐ.டி.யின் இண்டஸ்ட்ரியல் ஆட்டோமேஷன் அண்ட் கன்ட்ரோல் பாடம் அதிலேயே இருக்கிறது. படிக்க இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம், நான் எழுதியபோது 1,000 ரூபாய். பன்னிரண்டு வாரப் பாடத்தில் வாரா வாரம் அசைன்மென்ட், அதில் சிறந்த எட்டுக்கு 25 மார்க், நேரில் போய் எழுதுகிற தேர்வுக்கு 75. அசைன்மென்ட் விடைகளை யூடியூபில் கடைபரப்பி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்து நிரப்பினால் 25 வரும், ஹாலில் உட்காரும்போது 75 கேட்கும். ஷிஃப்ட் வேலை பார்க்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்தத் தேர்வுதான் உண்மையான லாபம் என்பேன். சும்மா வீடியோ பார்க்கிறேன் என்று சொன்ன யாரும் நாலாவது வாரத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டால் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தும் ஒரு லெக்சர் ஓடும். மென்பொருள் பழகுவதற்கு இது ஆகாது, அடித்தளத்துக்கு இதைவிட மலிவாக எதுவும் இல்லை.

இன்னொன்று, காசு கொடுத்துப் படிப்பதற்கு முன்னால் காசு வாங்கிக்கொண்டு படிக்கிற வழி இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ் செய்து இன்னும் வேலையில்லாமல் இருப்பவர்கள் நாட்ஸ் என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் அப்ரென்டிஸ்ஷிப்புக்குப் பதிவு செய்யலாம், ஒரு வருஷம் ஒரு கம்பெனிக்குள்ளேயே பயிற்சி, 2019-ல் திருத்திய விதியில் பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000, டிப்ளமாவுக்கு 8,000 என்று வைத்தார்கள். தென் மாநிலங்களுக்கான அப்ரென்டிஸ்ஷிப் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. தொகை குறைவுதான், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இழுபறிதான். ஆனால் அந்தப் பிளாண்டில் இருக்கிற பேனல் எந்த மையத்திலும் இருக்காது. சில இடங்களில் அப்ரென்டிஸை வெறும் ஃபைல் தூக்க வைப்பார்கள் என்பதும் உண்மை, அங்கே நாம்தான் எலக்ட்ரீஷியன் அண்ணன்களிடம் ஒட்டிக்கொள்ள வேண்டும். இன்னும் கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2022-லிருந்து நான் முதல்வன் திட்டத்தில் வருகிற பாடங்கள் இருக்கின்றன, அதை அட்டெண்டன்ஸுக்காக மட்டும் ஓட்டிவிடாதீர்கள்.

மெக்கானிக்கல் நண்பர்கள் சண்டைக்கு வரும் முன் அவர்களுக்கும் ஒரு பாரா. ராணிப்பேட்டையைச் சுற்றி பாய்லர், ஃபேப்ரிகேஷன் வேலைகள் இருப்பதால் எல்லாரும் என்.டி.டி. (பொருளை உடைக்காமலே உள்ளே குறை பார்க்கிற சோதனை) கோர்ஸுக்குத்தான் ஓடுகிறார்கள். "லெவல் 2 சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம்" என்று எந்த மையம் சொன்னாலும் ஒரு விஷயம் கேளுங்கள்: இந்தச் சோதனை செய்பவர்களுக்கான எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ முறைப்படி அந்தத் தகுதியைச் சான்றளிக்கும் பொறுப்பு வேலை கொடுக்கிற நிறுவனத்துடையது, பயிற்சி நேரத்தோடு அனுபவ நேரமும் காட்ட வேண்டும். நாலைந்து நாள் உட்கார்ந்து வாங்கிய காகிதத்தை வேறு கம்பெனி அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கேயும் கணக்கு இதுதான், அல்ட்ராசோனிக் புரோப் உங்கள் கையில் எவ்வளவு நேரம் இருக்கும், குறை வைத்த வெல்டு பீஸ் எத்தனை வைத்திருக்கிறார்கள், பேட்சில் எத்தனை பேருக்கு ஒரு மெஷின்.

பி.எல்.சி. மையத்துக்கும் விசாரிக்கப் போகும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன் லேபைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பளபளவென்று இருக்கிற டிரெய்னர் கிட்டைப் பார்த்து மயங்க வேண்டாம், அதில் ஒயரெல்லாம் முன்பே கட்டி முடித்து பிளக் செருகுகிற மாதிரி இருக்கும், கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. டெர்மினல் ஸ்க்ரூ தேய்ந்து, டக்ட் மூடி காணாமல் போய், பழைய லக் துண்டுகள் கீழே கொட்டிக் கிடக்கிற பேனல் இருந்தால் அது உபயோகத்தில் இருக்கிற பேனல், சேரலாம். எடுக்கப்போகிறவர் யார், இப்போது வெளியே என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். நான் விசாரித்த இன்னொரு இடத்தில் இதைக் கேட்டதும் "எங்க டிரெய்னர் எல்லாம் சர்டிஃபைடு" என்று சொல்லி டீ வரவழைத்தார்கள். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

யார் சேர வேண்டாம்? சாஃப்ட்வேர் பக்கம் போகப் போகிறேன், கையில் எதற்கும் ஒன்று இருக்கட்டும் என்பவர்கள் வேண்டாம். ஏற்கெனவே பேனல் கட்டுகிற கம்பெனியில் இருப்பவர்களும் வேண்டாம், அங்கே சீனியரிடம் கேட்டாலே இதைவிட அதிகம் கிடைக்கும். பிளாண்டில் மெயின்டனன்ஸுக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆனவர்கள், பேனலைத் திறக்கப் பயப்படுகிற பி.இ.க்காரர்கள், டிப்ளமா முடித்து புரோகிராம் பக்கம் தெரியாதவர்கள், இவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன்.

கட்டணம் பற்றிக் கடைசியாக. அவர்கள் முதலில் சொல்கிற தொகை 24,000, சான்றிதழ், மெட்டீரியல், "பிளேஸ்மென்ட் ரெஜிஸ்ட்ரேஷன்" எல்லாம் சேர்த்து. பிளேஸ்மென்ட் வேண்டாம் என்று சொன்னால் 3,000 குறைகிறது, மெட்டீரியல் பிரின்ட் வேண்டாம், பி.டி.எஃப். போதும் என்றால் இன்னும் கொஞ்சம், நண்பனைக் கூட்டிப் போனால் இருவருக்கும் குறைத்து 18,000-க்கு வருகிறார்கள். ஸ்காடாவை விட்டுவிட்டு பேனல் வகுப்புக்கு மட்டும் கட்டுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன், ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பின்னால் வந்த பேட்சில் ஐந்தாறு பேர் சேர்ந்து அதையே கேட்டபோது 11,000-க்குச் சரி என்றார்களாம். அதனால் தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகப் போய்க் கேளுங்கள், ஞாயிறு பேட்ச் எடுப்பவர் அதே பேனல் சார்தானா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.